கார் ஏறாத மோல்டோ

குதிரை அவளுடைய மனுவைத் தின்றுகொண்டிருந்தது.

மழைக்கு ஒதுங்கத்தான் பெகாயிம் அந்தக் கொட்டகைக்குள் ஓடி வந்தாள். நனையாமல் இருக்கட்டும் என்று காகிதக் கட்டைத் தடுப்புப் பலகையின் மேல் வைத்தாள். முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால்... ஒரு வெள்ளைக் குதிரை கண்களை மூடி, ரசித்து ரசித்து, அவளுடைய ஜாமீன் மனுவின் கீழ்ப்பாதியை மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ! விடு... விடு சனியனே!"

"மெதுவா இழுங்க. அதுக்குப் பல்லு கொஞ்சம் ஆடுது."

திரும்பினாள். கையில் வாளியோடு, சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒருவன். தலைமுடியிலிருந்து மழைத்துளிகள் புருவத்தில் விழுந்துகொண்டிருந்தன. புருவத்துக்குக் கீழே சிரிப்பை ஒளிக்கவே தெரியாத இரண்டு கண்கள்...

'இவனுக்கு எதற்குச் சிரிப்பு?' என்று எரிச்சல் வந்தது. தன் கன்னத்தில் மை கரைந்து வழிந்திருக்குமோ என்றும் சந்தேகம் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"குதிரையைக் கட்டி வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"என் குதிரை இல்லீங்க. இப்போதைக்கு அரசாங்கக் குதிரை. கொலைக் கேஸ்ல சாட்சிப் பொருள். பார்த்துக்கச் சொல்லி போலீஸ்காரங்க இங்க கட்டிட்டுப் போனாங்க. நான் கால்நடை டாக்டர், தாலாய்."

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றது. "அப்ப இது... மோல்டோ சதாரோட குதிரையா?"

"ஆமா. நீங்க?"

"அவரோட வக்கீல்."

அவன் குதிரையைப் பார்த்தான். அதன் வாயோரம் தொங்கிய காகிதத்தைப் பார்த்தான். "அடப்பாவி... எஜமான் ஜாமீனையே தின்னுட்டியே!"

சிரிக்கக் கூடாது என்று பெகாயிம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

சிரிக்கிற வழக்கா அது! சதார் அந்த ஏரிக்கரைக் கிராமங்களின் மதகுரு. மோல்டோ என்றால் அவர்தான். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதிலிருந்து இறந்தவருக்குத் தொழுகை நடத்துவது வரை எல்லாம் அவர் கையால். வசந்தத்தில் ஒரு மாலை, குதிரை வியாபாரி ஜமீர் தன் வீட்டிலேயே மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். அந்த மாலை முழுவதும் அவன் வாசல் கம்பத்தில் மோல்டோவின் வெள்ளைக் குதிரை கட்டிக் கிடந்ததை ஊரே பார்த்திருந்தது. மோல்டோ கார் ஏற மாட்டார். கேட்டால், "குதிரை ஆண்டவன் செஞ்சது, கார் மனுஷன் செஞ்சது" என்பார். ஆகவே குதிரை எங்கே நிற்கிறதோ அங்கேதான் மோல்டோ. அரசு வக்கீலின் கையில் இருந்தது இவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் இவ்வளவு போதும்.

'நீங்க எங்கதான் இருந்தீங்க, ஐயா?' என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் ஜெபமாலையை உருட்டுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். பெரிய வக்கீல்கள் கையை விரித்த பிறகு அவளிடம் வந்த வழக்கு இது. அவளுடைய முதல் கொலை வழக்கு. தோற்றால், அந்த வயதில் சிறைக்குப் போகிறவர் திரும்பி வருவது சந்தேகம். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை.

மழை விடவில்லை. தாலாய் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ரொட்டியைப் பிய்த்து, ஆப்ரிகாட் பழ ஜாமோடு அவள் பக்கம் தள்ளினான்.

"வெள்ளிக்கிழமை அவரை ஜெயில் வேன்ல கூட்டிட்டு வருவாங்க," என்றாள் அவள்.

"வேன்லயா? பாவம்! முன்சீட்ல உட்கார வைக்கச் சொல்லுங்க. ஜன்னல் திறந்திருக்கணும். வாயில உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒண்ணை ஒதுக்கிக்கிட்டாக்கூட வளைவுல திரும்புறப்ப அவருக்கு வயித்தைப் புரட்டிடும்..."

பெகாயிமின் தேநீர்க் கிண்ணம் உதட்டருகே நின்றது.

"ஏங்க... காரே ஏறாத மனுஷனுக்கு வளைவுல வயிறு புரட்டும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... ஒரு பேச்சுக்கு..."

சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்களுக்குப் பொய்யையும் ஒளிக்கத் தெரியவில்லை.

"டாக்டர்."

"ம்."

"சொல்லுங்க."

அவன் சொன்னான். அன்று மாலை மோல்டோ அவனுடைய காரில், கணவாய்க்கு அப்பால் இருக்கும் ஊரில் இருந்தார். அவனுடைய தங்கை அய்ஜமாலுக்கும் அவள் மனம் விரும்பிய கூபானுக்கும் நிக்காஹ் ஓதினார். சாட்சிகளில் ஒருவன் தாலாய். இரண்டு பேருடைய அப்பாக்களுக்கும் மேய்ச்சல் நிலத் தகராறில் பேச்சு வார்த்தை கிடையாது. வெள்ளைக் குதிரையில் போனால் பார்த்த உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று, சாலையோரம் இருந்த ஜமீர் வீட்டுக் கம்பத்தில் அதைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

"அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அய்ஜமால் தலைநகர்ல படிக்கிறான்னு நினைச்சிட்டிருக்கார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து, அப்பா கோபத்தைத் தணிச்சு மன்னிப்புக் கேட்கணும். அதுவரைக்கும் வாய் திறக்க மாட்டேன்னு மோல்டோ அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கார்."

"ஒரு மனுஷன் ஜெயில்ல கிடக்கார்! நீங்க உட்கார்ந்து ஜாம் பரிமாறிட்டிருக்கீங்க!"

"போய்ப் பார்த்தேங்க. 'நீ வாயைத் திறந்தா, ஓதின நிக்காஹைத் திருப்பி வாங்கிக்குவேன்'னு மிரட்டுறார்."

"அப்படியெல்லாம் திருப்பி வாங்க முடியுமா?"

"தெரியலை. அதான் பயமா இருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். "இந்தக் கேஸ் முடிஞ்சா நீங்க யாரோ, நான் யாரோ. அதுவரைக்கும் நீங்க என் சாட்சி. அவ்வளவுதான்!"

மழையிலேயே நடந்தாள். பாதி தூரம் போனதும், அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. திரும்பிப் போகக் கால் கூசியது... வக்கீலுக்கும் ஒரு வீம்பு உண்டு.

மறுநாள் சிறையில் மோல்டோ தலையை ஆட்டினார். "முடியாதும்மா. அந்தப் பையனை நீ சாட்சிக் கூண்டுல ஏத்தினா, உன்னை வக்கீல் வேலையிலேருந்து நீக்கிடுவேன். ஆடு வாசல்ல வந்து நிக்கட்டும். அப்புறம் என் வாயும் திறக்கும், அவன் வாயும் திறக்கும்."

சரி... அப்படியானால் ஆட்டைத்தான் வரவைக்க வேண்டும்.

கூபானின் அப்பா எசென்குல் தன் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள். தாலாய் மரியாதையாகத் தள்ளி நின்றான். நேற்று அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவன் போல, அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு ஏன் உறுத்த வேண்டும்?

"தப்பு இந்தப் பொண்ணோட அப்பன் பேர்ல," என்றார் எசென்குல். "முதல்ல நான் கழுத்தை வளைக்கணுமா? இலையுதிர் காலம் வரட்டும், பார்க்கலாம்."

"இலையுதிர் காலம் வரைக்கும் மோல்டோவை எங்க வைக்கறது பெரியவரே? உங்க மகன் கல்யாணத்துக்காக அந்த மனுஷன் தன் கழுத்தையே குடுத்துட்டு உட்கார்ந்திருக்கார். உங்க கழுத்து அதைவிட ஒசத்தியா?"

எசென்குல் காலைக் கீழே இறக்கினார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "டேய் கூபான்! கொழுத்ததாப் பார்த்து ஒண்ணு புடிடா!"

கொழுத்தது கிடைத்தது. ஆனால் ஏற்றிப் போக வண்டி இல்லை. ஆகவே தாலாயின் காரில், எசென்குல் முன்சீட்டில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏற, பின்சீட்டில் பெகாயிமும் மணமக்களும் நெருக்கியடித்து உட்கார, ஆட்டின் தலை பெகாயிமின் மடியில் வந்து சேர்ந்தது.

கண்ணாடியில் தாலாயின் கண்கள். அவை சிரித்தன.

"ஓட்டுங்க!" என்றாள். "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

தாலாயின் அப்பா சாகின்பாய் குதிரைச் சவுக்கோடு வெளியே வந்தார். தலைநகரில் படித்துக்கொண்டிருக்கிற மகள் எதிரியின் மகனோடு காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். எசென்குல் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். நினைத்து நினைத்துத் தயாரித்த வார்த்தைகளைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கட்டவிழ்ந்த ஆடு சாகின்பாயின் கால்களுக்கிடையே புகுந்து வீட்டுக்குள் ஓடியது. சவுக்கு ஒரு பக்கம், சாகின்பாய் ஒரு பக்கம். அவரைத் தூக்கி நிறுத்த முதலில் ஓடியவர் எசென்குல்தான்.

"உன்னை மாதிரியே உன் ஆட்டுக்கும் மரியாதை தெரியலை!" என்றார் சாகின்பாய், எசென்குலின் தோளை விடாமல். பிறகு மகளைப் பார்த்தார். குரல் இறங்கியது. "இளைச்சுட்டியே... இவங்க வீட்ல சோறு போடறதில்லையா?"

அய்ஜமால் அழுதுகொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நிக்காஹுக்கு யாரு சாட்சி?" என்று உறுமினார்.

"நான்தாம்ப்பா," என்றான் தாலாய்.

தொப்பியைக் கழற்றி அதாலேயே மகன் முதுகில் இரண்டு போடு போட்டார். பிறகு எல்லாரையும் உள்ளே அழைத்து, தன் கையால் ரொட்டியைப் பிட்டு வைத்தார். கோபம் தணிந்தது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. தாலாய் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னான். அரசு வக்கீல் எழுந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"மோல்டோ காரில் வந்தார் என்கிறீர்கள். இந்த மண்ணில் யாராவது அதைப் பார்த்ததுண்டா?"

"பார்க்கலை. ஆனா மோந்திருக்கேன்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். சாகின்பாய் எழுந்து நின்றார். "ஐயா, ஜமீர் செத்த மறுநாள் காலையில என் மகன் காரை நான்தான் கழுவினேன். நாத்தம்னா நாத்தம்! என்னடா இதுன்னு கேட்டேன். சீக்காளிக் கன்னுக்குட்டியை ஏத்திட்டுப் போனேன்ப்பான்னான். நானும் நம்பிட்டேன். எந்தக் கன்னுக்குட்டிய்யா உலர்ந்த ஆப்ரிகாட் பழம் திங்கும்?"

கூண்டுக்குள் மோல்டோ தாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நீதிபதி இருமலில் தன் சிரிப்பை மறைத்தார். சாகின்பாயை முறையாகக் கூப்பிட்டு, பிரமாணம் வாங்கி, அதையே மறுபடி சொல்லச் சொன்னார். கூபானும் அய்ஜமாலும் இன்னொரு சாட்சியும் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள்.

அரசு வக்கீலிடம் ஒரு அம்பு மிச்சமிருந்தது. தாலாயைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார்.

"உங்களுக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

தாலாய் பெகாயிமைப் பார்த்தான். சத்தியம் செய்தவன் பொய் சொல்லக் கூடாதே என்று யோசித்தான் போலும்.

"இன்னும் இல்லைங்க," என்றான்.

மன்றமே அதிர்ந்து சிரித்தது. பெகாயிம் காகிதக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தாள். காது மடல்கள் சுட்டன. 'இன்னும்' என்றால் என்ன? எதுவரைக்கும் 'இன்னும்'? அன்று மிச்ச வாதத்தை எப்படிச் செய்து முடித்தாள் என்று அவளுக்கு நினைவே இல்லை.

குதிரையை விட்டுவிட்டு ஆட்களைத் தேடும்படி நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த வாரமே ஜமீரின் வியாபாரக் கூட்டாளி பிடிபட்டு, பங்குத் தகராறில் அடித்ததாக ஒப்புக்கொண்டான். மோல்டோ விடுதலை.

அன்றும் மழை. நீதிமன்ற வாசலில் தாலாய் வெள்ளைக் குதிரையைச் சேணம் பூட்டி நிறுத்தியிருந்தான். மோல்டோ அதன் கழுத்தைத் தடவி ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, மழை பெய்யுது. கார்ல வாங்களேன்," என்றாள் பெகாயிம்.

"வேண்டாம் தாயே. திரும்ப ஜெயிலுக்கு வேணும்னாப் போறேன்!"

குதிரை போய்விட்டது. படிக்கட்டில் இரண்டு பேர் மட்டும். அவன் கையில் குடை இருந்தது, விரிக்க மறந்திருந்தான்.

"கேஸ் முடிஞ்சிருச்சு," என்றான். "நீங்க யாரோ, நான் யாரோன்னு சொன்னீங்க..."

"சொன்னேன்தான்." அவள் ஈரப் படியைப் பார்த்தாள். "கோர்ட்ல நீங்க மட்டும் என்ன சொன்னீங்க? சத்தியம் பண்ணிட்டுச் சொன்னது..."

"சத்தியமாத்தான் சொன்னேன். நீங்க எம்மேல எரிஞ்சு விழுந்துட்டு மழையில போனீங்களே, அன்னிக்கே மனசு உங்க பின்னாடி போயிருச்சு. இன்னும் திரும்பி வரலை. உங்களைப் பிடிச்சிருக்கு, பெகாயிம். பெரிய பேச்செல்லாம் எனக்கு வராது... மாட்டு டாக்டர்தானே..."

மழை சடசடவென்று பெய்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்க. உங்க காது குத்தியிருக்கான்னு. எப்பவும் முடி மூடியிருக்காம், தெரியலையாம்."

மாப்பிள்ளையின் தாய் ஒரு பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால், அதற்கப்புறம் இந்த ஏரிக்கரையில் வேறு பேச்சே கிடையாது.

பெகாயிம் மெல்ல முகத்தைத் திருப்பினாள். நனைந்த கூந்தலை விரலால் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள். "ரெண்டு காதுலயும்."