வலையில் ஏறிய முகம்

திங்கட்கிழமை காலை சீப்பு மேலே கொண்டுவந்த குப்பையில் ஒரு காது இருந்தது.

சீப்பு என்றால் தலை வாருவது இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில், முதல் கிணற்றின் கம்பி வலையில் சிக்கும் பாசி, சிப்பி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சுரண்டி மேலே கொண்டுவரும் இயந்திரத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். அதை ஓட்டுவது ஆபரேட்டரின் வேலை. திங்கட்கிழமைகளில் கடலுக்குள் போகும் குழாயில் குளோரின் விடுவதும் அவர் வேலைதான். மருந்து என்பார்கள். குழாய்க்குள் ஒட்டி வளர்வதெல்லாம் அதில் செத்து, அரை மணி நேரத்தில் வலைக்கு வந்து சேரும். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற நிலையம்தான், ஆனால் கிணற்றடியில் ஈ காக்கை கிடையாது.

மனைவி போன பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. ஒன்பது மாதத்துக்கு முன் படகு கவிழ்ந்ததில் பதினொரு உடல்களை எடுத்தார்கள். அவளை மட்டும் எடுக்கவில்லை. "கிடைச்சுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

காதைத் துடைப்பத்தால் புரட்டினார். காதோடு ஒரு உடம்பும் இருந்தது. உள்ளங்கை நீளம், மெழுகு நிறம், விரல்களுக்கு நடுவே சவ்வு. முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருந்தது. காது மடல் கிழிந்திருந்தது. சீப்பு கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கிலியைச் சரிபார்க்க வந்த வெல்டரிடம் காட்டினார். வெல்டர் பல வருஷம் கப்பலில் இருந்தவர். வாயை மூடவே தெரியாது.

"அண்ணே, கடலுக்குள்ள ஒரு சாமி இருக்காம். தனியா இருக்க முடியாம, தனக்குன்னு ஆளுங்களச் செய்யுமாம். கை கால் எல்லாம் வந்துடும், முகம் மட்டும் வராதாம். யாராவது மூழ்கிப் போனா, அவங்களப் பாத்துத்தான் முகம் வைக்குமாம்."

"வச்சு?"

"பெத்த புள்ள மாதிரி காக்குமாம். கை வச்சவன விடாதாம்." வெல்டர் சிரித்தார். "கப்பல்ல பொழுது போகணும்ல, அதான் இப்படி அடிச்சு விடுவானுங்க."

அடுத்த திங்கட்கிழமை ஏழு வந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இப்போது முகம் இருந்தது. ஏழுக்கும் ஒரே முகம். இடது காது மடல் ஏழிலும் கிழிந்திருந்தது. கல்யாணமான வருஷம் அவள் தோடு எதிலோ மாட்டி இழுத்துக் கிழிந்து, தையல் போட்டும் ஒட்டாத மடல் அது. கோபம் வந்தால் அவளுக்குக் கீழுதடு லேசாக ஒதுங்கும். அதுகூட அப்படியே இருந்தது.

ஏழையும் தன் துண்டில் சுற்றிக் கிணற்றிலேயே விட்டார். கொன்றது தன் மருந்துதான் என்று அவருக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை வால்வைத் தொடவில்லை.

"மருந்து போட்டாச்சா?" என்று சூப்பர்வைசர் போனில் கேட்டார்.

"போட்டாச்சு சார்."

சீப்பில் வெறும் பாசிதான் வந்தது. மறுநாளும் அப்படித்தான். அவர்கள் பிழைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? தினமும் கிணற்றின் கைப்பிடிக் கம்பியில் நெஞ்சை அழுத்திக் கீழே எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டார். பம்ப் உறுமியது, சுவரில் ஈரம் சொட்டியது. வீட்டில் போட்டோ இருந்தது. போட்டோவில் அவள் பார்த்தது கேமராவை. அவரை இல்லை.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை.

நாலாவது திங்கட்கிழமை, பட்டப்பகலில், வால்வைத் திறந்தார். ஊருக்காகவும் இல்லை, குழாய்க்காகவும் இல்லை. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அவர்களில் ஒருத்தியாவது சாக வேண்டும் என்பது தெரிந்தேதான் திறந்தார். வெட்கமாக இருந்தது. கை நிற்கவில்லை.

குளோரின் நெடி மூக்கைக் குத்தியது, அதற்கடியில் ஈரக் களிமண் வாசனை, அதற்கும் அடியில் குளித்துவிட்டு வந்து முடி உலர்த்தும் ஒருத்தியின் வாசனை என்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வர, மேலே டியூப் லைட் அடங்கி அடங்கி எரிய, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தும் அதன் சத்தம் மட்டும் எங்கோ தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி ஆனது. சீப்பை இறக்கினார்.

சங்கிலி முனகியது. கனம். இவ்வளவு கனம் எப்போதும் இருந்ததில்லை.

மேலே வந்தது ஒன்றுதான். ஆள் உயரம். ஆண்.

குப்புறக் கிடந்தது. கையால் திருப்பினார்.

அவர் முகம்.

மூக்கோரத்து அம்மைத் தழும்பு. நரைத்த மீசை. "நல்லா இருக்கியா?" என்று கேட்கும்போது பாதி திறக்கும் வாய். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ நாள் தவறாமல் அண்ணாந்து பார்த்துச் செய்த முகம். வெல்டர் சொன்ன அந்தச் சாமி, அவளுக்குத் துணையாகச் செய்திருக்கிறது. தனியாக இருப்பது எப்படியென்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் துணையைத்தான் அவர் கொன்றிருக்கிறார்.

"ஐயோ" என்றார்.

கீழே தண்ணீர் தெளிந்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்றார்கள். வரிசை வரிசையாக. ஆள் உயரத்தில். எல்லாம் அவள். எல்லோரும் செத்துக் கிடந்தவனையே பார்த்தார்கள். எல்லா வாயும் சேர்ந்து அசைந்தது. அந்த அசைவு அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கேட்ட சொல். ஏங்க.

பிறகு கண்கள் திரும்பின. அவர் பக்கம்.

ஓடியிருக்கலாம். கதவு நாலடி தூரம்.

அவர்கள் ஒதுங்கினார்கள். நடுவில் வழி விட்டார்கள். அடியிலிருந்து ஒரு கை ஏறி வந்தது. அவசரமே இல்லை. மெழுகு நிறம். ஒவ்வொரு விரலும் அவர் உயரம். கம்பி வலை அதன்மேல் நூல் போலக் கிழிந்து விழுந்தது. பம்ப் நின்றது.

கூம்பி மெலிந்த விரல் நுனி அவர் நெற்றியைத் தொட்டது. ஜில்லென்று. மெதுவாக. அவள் போனதிலிருந்து அவரை யாரும் தொட்டதில்லை. அவர் அசையவில்லை.

விரல் அவர் மூக்கை அளந்தது. தழும்பை அளந்தது. உதட்டைப் பிரித்துப் பல்லைத் தடவியது. மறுபடி நெற்றிக்குப் போய், முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி. எலும்பு வரைக்கும் அழுத்தி.

கீழே, அத்தனை முகங்களும் காத்திருந்தன.