கழற்றாத கையுறை

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகும் ஃபிர்தௌசின் வலது கையிலிருந்து புதுத் தோலின் வாசம் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தாள். வாசம் அப்படியே இருந்தது, தேய்ப்பதுதான் கைக்குத் தெரியவில்லை.

மரத்துப்போக வைக்கும் ஊசி அவள் உடம்புக்கு ஆகாது. அதனால் ஆம்பூர் பஜாரில் பல் டாக்டர் இளம்பரிதி அவளைக் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொல்லிவிட்டு, மனவசியம் செய்பவர்போல, தூக்கம் வரும்படி இழுத்து இழுத்துப் பேசினார்.

"கம்பெனில தோல் கிளவுஸ்தான தைக்கிற? அதுல ஒண்ண நெனப்புலயே வலது கைல மாட்டிக்கோ. டைட்டா. உள்ள எதுவும் தெரியாது. இப்போ அந்தக் கைய கன்னத்துல வை. அதுவும் மரத்துப்போவும்."

மரத்தது. பல் வந்ததே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டருக்குப் போன் வந்தது. யாரையோ திட்டிக்கொண்டே வெளியே போனார். நர்ஸ் வந்து அவளை எழுப்பி அனுப்பிவிட்டாள். கையுறையைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில், பாயில் மகள் சஹர் காதுவலியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஃபிர்தௌஸ் பதறிப்போய் ஓடி, பழக்க தோஷத்தில் வலது உள்ளங்கையைக் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள். அழுகை நின்றது. ஒரு விசும்பல்கூட இல்லை. குனிந்து முகர்ந்தாள். பவுடர் வாசம் இல்லை. புதுத் தோல்.

கை போனால் பிழைப்புப் போகும், அது கிடக்கட்டும். குழந்தை? டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கிளவுஸ் கழட்டச் சொல்லாமயே போய்ட்டீங்க டாக்டர். கை மரத்தே கெடக்குது. கொழந்தையத் தொட்டேன், அதுக்கும்..."

"இன்னாமா பேஜார் பண்ற? நெனப்புல மாட்டுனத நெனப்புலயே கழட்டு. இதுக்கெல்லாம் போன் போடாத."

வைத்துவிட்டார்.

கண்ணை மூடினாள். மூச்சை எண்ணினாள். இடது கையால் வலது நடுவிரலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

நழுவியது.

அடுத்த விரல். அதுவும். வலி இல்லை. மணிக்கட்டில் தையல் பிரியும் சத்தம். கம்பெனியில் தினம் கேட்பதுதான். உருவினாள். மடியில் ஏதோ விழுந்தது.

கண்ணைத் திறந்தாள்.

வெதுவெதுப்பாகக் கிடந்தது. தோலோடு ஐந்து நகங்கள். பெருநாளுக்கு வைத்த மருதாணி.

கத்த வாயெடுத்தவள் நிமிர்ந்தாள். எதிரே சஹர். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சிரித்தாள்.

"அம்மி, நானும்."

பிஞ்சு விரல்கள் காதோரம் தடவின. கன்னத்துத் தோலின் ஓரம் கிடைத்தது.

இழுத்தாள்.

அழவில்லை.