டர்பைன் பிளேடில் ஒரு சாம்பல் கோடு

"நான்தான் தப்பு பண்ணேன்னு முதலாளி எழுதின லெட்டர் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போயிடும் சார். அப்புறம் எந்த விமானக் கம்பெனியும் என்னைச் சேத்துக்காது" என்றாள் நித்யா மேரி.

கடலூர் சிப்காட்டில் விமான எஞ்சினுக்கு டர்பைன் பிளேடு செய்யும் சிறிய ஆலையில் அவள் பரிசோதகர். விரிசல் விழுந்த ஒரு பிளேடு, அவளுடைய ஏழாம் எண் முத்திரையோடு வெளிநாட்டு எஞ்சின் கம்பெனிக்குப் போயிருந்தது. முத்திரை விழுந்த நேரத்தில் அவள் கேன்டீனில் இருந்தாள். முத்திரை அவளுடைய பூட்டாத டிராயரில்.

எஞ்சின் கம்பெனி அனுப்பிய புகைப்படத்தை அண்ணாமலை நகர் வீட்டில் உற்றுப் பார்த்தார் வைத்திலிங்கம். ஓய்வுபெற்ற தர ஆய்வாளர். விரிசலுக்குச் சற்று மேலே மங்கலாய் ஒரு சாம்பல் கோடு.

"கீறல் மாமா" என்றான் அவர் மனைவியின் தம்பி ஸ்ரீதர். "கூட வேலை பாக்கிற லோகநாயகிதான். ப்ரொமோஷன் போட்டி. கேஸ் முடிஞ்சுது."

"நீ வண்டிய ஓட்டு, போதும்."

மூன்று மணிக்கு, ஆலை முதலாளி தேவசகாயத்தின் அறையில், நித்யாவும் ஸ்ரீதரும் பார்த்திருக்க, லோகநாயகியிடமும் சூப்பர்வைசர் கொளஞ்சியப்பனிடமும் ஆளுக்கொரு பிளேடைக் கொடுத்தார் வைத்திலிங்கம். "எங்க சந்தேகமோ அங்க ஒரு அடையாளம் போடுங்க."

லோகநாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். "மார்க்கர் இல்லீங்களா சார்?"

கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

"முன்னாடி எங்க வேலை?"

"சர்க்கரை ஆலையில பாய்லர் வேலைங்க. இங்க ஆறு மாசம்."

"பாய்லருக்குப் பென்சில் தப்பில்ல. எஞ்சின் சூட்டுல பென்சில் கரி உலோகத்துக்குள்ள இறங்கிப் புது விரிசல உண்டாக்கும். பரிசோதகருக்கு முதல் நாளே சொல்லித்தர்றது இது. போட்டோவுல இருக்கிறது கீறல் இல்ல, பென்சில் கோடு. நித்யாவும் லோகநாயகியும் போட்டிருக்க மாட்டாங்க."

கொளஞ்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏர்போர்ட் லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு. பார்வைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சோதிக்காம நானே நித்யா முத்திரைய எடுத்துக் குத்திட்டேன். எண்ணுறதுக்காக ஒவ்வொண்ணுலயும் கோடு போட்டுத் துடைச்சேன்."

"மொத்தம் எத்தனை?"

"அறுபது."



"சரி, நித்யா பேர எடுத்துடறேன்" என்றார் தேவசகாயம். "ஒரு பிளேடு கெட்டுப்போச்சுன்னு எழுதி முடிச்சிக்கலாம்."

"மீதி ஐம்பத்தொன்பதும் எஞ்சின்ல ஏறுமே" என்றார் வைத்திலிங்கம்.

நித்யா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். அறுபதும் சோதிக்கப்படவில்லை, எல்லாவற்றிலும் பென்சில் பட்டிருக்கிறது, மாட்டியிருந்தால் கழற்றுங்கள் என்று எஞ்சின் கம்பெனிக்குத் தட்டினாள். முத்திரையைப் பூட்டாமல் போனது நான் என்றும் சேர்த்தாள்.

"ஆர்டரும் போயிடும், உன் வேலையும் போயிடும்மா" என்றார் தேவசகாயம்.

"தெரியும் சார்" என்றவள் அதற்குள் அனுப்பியிருந்தாள்.