எல்வுட் ப்ரூவிட்டின் மூச்சு

நெல்டா ப்ரூவிட் மழைக்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் அருகருகே வைத்தாள்.

"இதுல ஒண்ணு பொய் சொல்லுது, மிஸ் வெர்னா. எதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும். வெள்ளிக்கிழமை கோர்ட்டு."

வெர்னா ஸ்டால்னேக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வக்கீல் வைக்க வக்கில்லாதவர்களுக்கு அரசு ஒரு வக்கீலைக் கொடுக்கிறது. அந்த வக்கீலுக்காக ஊரெல்லாம் அலைந்து விசாரித்துக் கொடுப்பது வெர்னாவின் வேலை. அதற்கு முன்பு, சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரல் நஷ்டஈட்டு வழக்குகள் நடக்கும் அறையில் இருபது வருடம் கதவுக் காவலாக நின்றவள். அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து அவசரப்பட டெல்பர்ட் இருந்தான். பள்ளத்தில் விழுந்த வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகு போனபின் வெர்னாவுக்குக் காரோட்டியாகவும் கூடவே பேசுகிறவனாகவும் ஆகிவிட்டான்.

டெல்பர்ட் எட்டிப் பார்த்தான். முதல் தாள் ஊது மெஷினுடையது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் தடவை மாட்டிய அவள் கணவன் எல்வுட் ப்ரூவிட்டை நீதிபதி போன வசந்தத்தில் ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டதே அந்த மெஷினை நம்பித்தான். அவனுடைய டிரக்கில் அது பொருத்தப்பட்டிருந்தது. குழாயில் ஊதி, மூச்சு சுத்தமாக இருந்தால்தான் வண்டி கிளம்பும். ஓடும்போதும் நடுநடுவே மறுபடி ஊதச் சொல்லும். வீட்டிலிருந்து சுரங்கத்துக்கு, சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு, அவ்வளவுதான் லைசென்ஸ். கோடையும் இலையுதிர்காலமும் முழுக்க ஒரு தப்பு இல்லை. போன திங்கட்கிழமை விடிகாலையில் மூன்று தடவை ஊதியதில் மூன்றிலும் சாராயம் காட்டியிருந்தது. டிரக் கிளம்பாமல், வேறொருவரின் வண்டியில் ஏறித்தான் எல்வுட் வேலைக்குப் போனான்.

இரண்டாம் தாள் சுரங்கத்துடையது. அதே திங்கட்கிழமை, ஷிப்டு தொடங்கும்போது, குலுக்கலில் எல்வுட்டின் பெயர் வந்து சிறுநீர்ச் சோதனை எடுத்திருந்தார்கள். சாராயத்தின் வாடைகூட இல்லை.

"விடிகாலையில போதை, காலையில சுத்தம். ஆளு நடுவுல ஞானஸ்நானம் வாங்கிட்டானோ?" என்றான் டெல்பர்ட்.

நெல்டா சிரிக்கவில்லை. வாயிலிருந்த புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "அவன் ஒரு சொட்டு தொடல. தீர்ப்பு வந்த அன்னிக்கே வீட்டுல இருந்ததெல்லாம் ஓடையில கொட்டிட்டான். மெஷின்தான் கெட்டுப்போச்சு."

"கோர்ட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டாள் வெர்னா.

"சுரங்கத்தோட சோதனை அவங்களுக்குச் செல்லாதாம். ஆறு மாசம் உள்ள போடணும்னு கேக்குறாங்க."

"நீயும் அந்த வண்டியிலதான் வேலைக்குப் போறியா?"

"ஆமா. சுரங்க வாசலுக்கு எதிர்லயே சாப்பாட்டுக் கடையில அடுப்புல நிக்கிறேன். என் லைசென்ஸை நிறுத்தி வெச்சிருக்காங்க. இன்சூரன்ஸ் கட்டாம ஓட்டிட்டேன்னு."

வெர்னா தாள்களை மடித்தாள். "நாளைக்கு வீட்டுக்கு வர்றோம்."

*

மலை இடுக்கில் போகும் சாலை பாதிதான் சாலை. டெல்பர்ட் வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினான்.

"வாய் கொப்பளிக்கிற மருந்து. அதுலயும் சாராயம் இருக்கு. கொப்பளிச்சுட்டு ஊதியிருப்பான்."

"அது வாயில கொஞ்ச நேரந்தான் நிக்கும். இதுல விட்டு விட்டு மூணு தடவை ஊதியிருக்கு. மூணும் படிப்படியா, ரொம்ப மெதுவா இறங்குது. அது ரத்தத்துல ஓடுற சாராயம், டெல்பர்ட்."

"அப்ப மெஷின் கோளாறு."

"கோளாறு இப்படி ஒழுங்கா இறங்காது."

"அப்ப சுரங்கக்காரன் குப்பியை மாத்தி வெச்சுட்டான்."

"சுரங்கக் கூரை இடியாம கம்பி இறுக்குற எல்வுட் மாதிரி ஆளு கிடைக்காம அவங்க தவிக்கிறாங்க. ஆனா அவனுக்காக யார் பொய் சொல்லுவா? சிக்கினா சுரங்கத்தையே மூடிடுவாங்க."

டெல்பர்ட் அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான்.

வீடு சரிவில் நின்றது. டிரக் முற்றத்துச் சேற்றில் கிடந்தது. வெர்னா முதலில் அதன் கதவைத் திறந்தாள். ஊது மெஷின் சுருள் கம்பியோடு ஒரு கொக்கியில் தொங்கியது. கொக்கி ஸ்டியரிங் பக்கம் இல்லை. எதிர்க்கோடியில், பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு நேராகத் திருகப்பட்டிருந்தது.

"கியர் மாத்துறப்ப இடிக்கும்னு தள்ளி வெச்சிருப்பான்," என்றான் டெல்பர்ட்.

"இருக்கலாம்," என்றாள் வெர்னா. அவள் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது டெல்பர்ட்டுக்குத் தெரியும். ஆனால் எது இல்லை என்று தெரியவில்லை.

உள்ளே எல்வுட் விறகடுப்பின் முன் குந்தியிருந்தான். ஐம்பது வயது, கதவை அடைக்கும் தோள்கள். கங்கு அணைந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி அதால் விசிறினான்.

"உக்காருங்க..." என்றான். விசிறினான். "காப்பி இருக்கு."

"டேய் எல்வுட், சுரங்கத்துல ஒருத்தனும் உன்னை நம்பலையாமே? குடிக்காம இருக்கேன்னு சொன்னதும் ஊரே பயந்துபோச்சாம்," என்றான் டெல்பர்ட்.

"உங்க அப்பன்... கிட்ட கேளு." எல்வுட் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. கைக்குட்டையை வாயில் பொத்தி, பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தான்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் தலையணை, போர்வை. ராத்திரி முழுக்க யாரோ உட்கார்ந்தே தூங்கிய குழிவு.

வெர்னா தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குப் போனாள். டெல்பர்ட்டும் போனான். ஜன்னல் விளிம்பில் கேக்குக்கு வாசனை சேர்க்கும் வனிலா எசன்ஸ் குப்பிகள், பெரியவை, நாலைந்து. இரண்டு காலி. ஓவனைத் திறந்தால் அதற்குள் வாணலிகளும் மூடிகளும் அடைத்துக் கிடந்தன. கேக் வேகிற ஓவன் இல்லை அது. பல மாதமாகவே இல்லை.

"வனிலால சாராயம் உண்டு!" என்று டெல்பர்ட் கிசுகிசுத்தான். "விஸ்கியில பாதியாவது இருக்கும். பய குடிச்சிருக்கான்! சிக்கிட்டான்!"

"அப்ப சிறுநீர் எப்படிச் சுத்தமா வந்துச்சு?"

டெல்பர்ட் ஓவன் கதவைச் சாத்தினான்.

*

வெர்னா எல்லாரையும் அடுப்பின் முன் உட்காரவைத்தாள். நெல்டா மட்டும் நின்றாள்.

"நான் வக்கீலோட ஆளு," என்றாள் வெர்னா. "இங்க பேசுறது வக்கீல் காதைத் தாண்டிப் போகாது. அதனால நேராவே கேக்குறேன். எல்வுட், ஒரு சின்ன விஷயம் பண்ணு."

தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தாள். அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"உதட்டைக் குவிக்காம, வாயைத் திறந்தே ஊதி அணை."

எல்வுட் சுடரைப் பார்த்தான். நெல்டாவைப் பார்த்தான். ஊதினான். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. இன்னொரு தடவை. தோள் ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. சுடர் அசைந்தது, அவ்வளவுதான். விரலைச் சுடும்வரை பிடித்திருந்துவிட்டு வெர்னா குச்சியை உதறினாள்.

"நஷ்டஈட்டு அறைக்கு வெளியில டாக்டருங்க இதைத்தான் முதல்ல பண்ணுவாங்க," என்றாள். "குச்சியை அணைக்க முடியாதவன் அந்த மெஷின்ல ஊத முடியாது. நீளமா, நடுவுல அறுபடாம, நெஞ்சு காலியாகுற வரைக்கும் ஊதணும். தீ மூட்ட நீ தொப்பியால விசிறுற. படுத்தா மூச்சு முட்டும்னு நாற்காலியில தூங்குற. வசந்தத்துலேர்ந்து அந்த மெஷின்ல ஒரு நாள்கூட நீ ஊதினதில்லை. அதனாலதான் கொக்கி அந்தப் பக்கம் இருக்கு."

நெல்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு தாளும் பொய் சொல்லலை," என்று தொடர்ந்தாள் வெர்னா. "சிறுநீர் எல்வுட்டோடது. மூச்சு நெல்டாவோடது. இந்த வீட்டுல ஒருத்தருக்கு லைசென்ஸ் இருக்கு, மூச்சு இல்லை. இன்னொருத்தருக்கு மூச்சு இருக்கு, லைசென்ஸ் இல்லை. ரெண்டும் சேந்தாத்தான் ஒரு வண்டி கிளம்பும்."

டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் வனிலாவும் புதினா மிட்டாயும் ஒன்று சேர்ந்தன. சேர்ந்ததும், சேராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் எல்வுட் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வை, இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறவனுடைய பார்வை.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு... சொன்னியே, நெல்."

"சொன்னேன்."

"எப்பலேர்ந்து?"

நெல்டா அடுப்பைப் பார்த்துப் பேசினாள். "நீ நிறுத்தின மாசத்துலேர்ந்து. ராத்திரியெல்லாம் அந்த நாற்காலியில நீ மூச்சை இழுக்குறதைக் கேட்டுட்டே படுத்திருக்கேன். அடுத்தது வருமா வராதான்னு. எப்படித் தூங்குறது, எல்? தினமும் கொஞ்சமாத்தான் குடிப்பேன், அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி அளவு மீறிடுச்சு. சாராயக் கடைக்குப் போனா ஊருக்குத் தெரியும். மளிகைக் கடையில வனிலா வாங்கினா, நல்ல பொம்பளை, கேக் சுடுறான்னு சொல்லுவாங்க."

"அடக் கடவுளே," என்றான் எல்வுட். அதற்குமேல் மூச்சு இல்லை.

டெல்பர்ட்டால் பொறுக்க முடியவில்லை. "இதுல என்ன இருக்கு? நுரையீரல் கெட்டவனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தா மெஷினை லேசா ஊதுற மாதிரி மாத்தித் தருவாங்களே! முதல்லயே கேட்டிருக்கலாமே, மடையா!"

"கேட்டா?" என்றான் எல்வுட். "கேட்டா டாக்டர் நெஞ்சைப் படம் எடுப்பான். படம் எடுத்தா... சுரங்கத்துக்குப் போகும். போனா மறுநாள்... வாசல்லயே நிறுத்திடுவான். பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"நஷ்டஈடு கேக்கலாமே?"

"எங்க அப்பனுக்கு நஷ்டஈடு வந்துச்சு. தபால்காரன் கொண்டாந்தப்ப... ஆளைப் புதைச்சு ரெண்டு குளிர்காலம் ஆச்சு."

எக்ஸ்ரே வண்டி சுரங்க வாசலுக்கு வரும் நாளில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும் என்பது டெல்பர்ட்டுக்குத் தெரியும். அவன் அண்ணனுக்கும் வந்திருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை.

"சரி," என்றாள் வெர்னா. "உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு சொல்லிடுறேன். குடிக்கலைன்னு நிரூபணம் ஆயிடும். ஆனா மெஷினை ஏமாத்தினது தனிக் குற்றம். ஊதிக் குடுத்தவளுக்கும் ஜெயில் உண்டு. அதுவும் ஒரு நாள் தப்பு இல்லை. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு தப்பு. லைசென்ஸ் போயிடும், வருஷக்கணக்குல வராது. நுரையீரல் சங்கதியும் கோர்ட்டுல வெளிய வந்துடும். சொல்லலைன்னா, நீ குடிச்சதா ஆகும். ஆறு மாசம்."

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா மேஸ்திரி... மறுபடி சேத்துக்குவேன்னு சொல்லியிருக்கான். ஆளு கிடைக்கலை அவனுக்கு."

"எல், வேணாம். நான் சொல்லிடுறேன்," என்றாள் நெல்டா.

"சொல்லி? ரெண்டு பேரும் உள்ள இருந்தா... வீட்டுக்கு யாரு அடுப்பு மூட்டுறது?"

வெர்னா எழுந்து மழைக்கோட்டை மாட்டினாள். "கோர்ட்டுல பொய்யை எடுத்துக் குடுக்க வக்கீலால முடியாது, எல்வுட். வாயை மூடிக்கிட்டு நிக்கத்தான் முடியும். குற்றம் செஞ்சேன்னு சொல்றதா இருந்தா அது உன் வாயாலதான் வரணும்."

*

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம் இல்லை. எல்வுட் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தான். நீதிபதி கேட்டதும் எழுந்து நின்றான்.

"குடிச்சேன், ஐயா," என்றான். நின்றான். மூச்சை இழுத்தான். "தப்புதான்." மறுபடி நின்றான். "வேற... சொல்ல ஒண்ணும் இல்லை."

நீதிபதி வயதானவர், கெட்டவரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார். "பேச்சு வராம தொண்டை அடைக்கிற அளவுக்கு வருத்தப்படுறவங்களை ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான் பாத்திருக்கேன். ஆறு மாசம் கேட்டிருக்காங்க. நான் நாலு மாசம் குடுக்கிறேன். வெளிய வந்ததும் லைசென்ஸும் கிடைக்கும், வேலைக்குப் போக மட்டும். வண்டியில மெஷின் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும். தினமும் ஊதுங்க, மிஸ்டர் ப்ரூவிட். அதுதான் உங்களை நேர் வழியில வெச்சிருக்கு."

"நன்றி, ஐயா," என்றான் எல்வுட்.

காவலர் அவன் முழங்கையைத் தொட்டார். அவன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் பக்கக் கதவு வழியாகப் போனான். கதவு மூடிய பிறகும் இருமல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

படிக்கட்டில் டெல்பர்ட் வெர்னாவின் கூடவே இறங்கினான். "நாமதான் கண்டுபிடிச்சோமே," என்றான். "கண்டுபிடிச்சும்..."

"ஆமா," என்றாள் வெர்னா. "கண்டுபிடிச்சோம்."

நெல்டா கீழே காத்திருந்தாள். வீடு வரை கொண்டுவிடுவதாக டெல்பர்ட் சொல்லியிருந்தான். வேறு வழியும் அவளுக்கு இல்லை. அவள் முகம் கழுவியிருந்தாள். வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம்போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நாலு மாசம் இருக்கு, மிஸ் வெர்னா. அதுக்குள்ள நிறுத்திடுவேன். சத்தியமா. அவன் வெளிய வர்ற அன்னிக்குக் காலையில சுத்தமா ஊதுவேன்."

வெர்னா அவளுக்கு என்ன பதில் சொல்வாள் என்று டெல்பர்ட் காத்திருந்தான். வெர்னா கார்க் கதவைத் திறந்து, நெல்டா ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.