கூன் நிமிர்த்தல்

காலையில் ஐஸ் பெட்டிக்குள் அப்பாவின் பாதங்களுக்கும் கால்மாட்டுக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு ரோஜாமாலையைச் சுருட்டி வைக்கும் அளவுக்கு இடம் இருந்தது, வைத்தது ராஜபாண்டிதான். மதியத்துக்குப் பிறகு பார்த்தபோது பாதங்கள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. மாலை நசுங்கி, இதழ்கள் கண்ணாடியில் அப்பியிருந்தன.

யாரோ பெட்டியை இடித்திருப்பார்கள் என்று நினைத்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காக நகர்த்தத் தெரியாது.

பெண்கள் பக்கத்து வீட்டுக்குக் காபி குடிக்கப் போயிருந்தார்கள். ஆண்கள் வெளியே பந்தலில். மஸ்கட்டிலிருந்து அக்கா வந்து சேரும்வரை எடுக்க முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் அதிர்வு ரோட்டிலிருந்து சுவர் வழியாக ஏறி வந்து, பெட்டியின் மோட்டார் உறுமலோடு கலந்து, பன்னீரும் பத்தியும் அவற்றுக்கு அடியில் உப்பும் மணக்கும் அந்த அறையில் அவன் பற்கள்வரை பரவிக்கொண்டிருந்தது.

உப்பு. அப்பா பேச்சிமுத்துவின் தோலைவிட்டுப் போகாத வாடை. உப்பளத்தில் குனிந்தார். முதலாளிமார் முன்னால் பம்மினார். கல்யாண வீடுகளில் மூலையில் ஒடுங்கினார், நாற்காலி போட்டாலும் தரையில் குத்தவைத்தார், எவ்வளவு உயரமான வாசலிலும் கூனிக் குறுகியே நுழைந்தார், தூங்கும்போதுகூடச் சுருண்டார். வளைவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் அந்த ஒரு மனிதருக்குத் தேவைப்பட்டன. கடைசியில் முதுகு அப்படியே இறுகிவிட்டது.

சாயங்காலம் ராஜபாண்டியின் கப்பல் கம்பெனி முதலாளி மாலையோடு வருகிறார். அவர் கண்ணில் அந்தக் கூன் படக் கூடாது. பட்டால், ஆபீஸில் அவன் நிமிர்ந்து நடப்பதெல்லாம் நடிப்பு என்று தெரிந்துவிடும்.

கூன் விழுந்தவர்களை அந்த ஊரில் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் கொண்டுபோவார்கள். சித்தப்பா சுடலைக்கண்ணன் விடிந்ததுமே நாற்காலியும் கயிறுமாக வந்துவிட்டார்.

"நாற்காலிய வெளிய போடுங்க, சித்தப்பா. நேரா படுக்க வைக்கணும்."

"ஏலே, உடம்பு இறுகிப் போச்சுலே. உக்காந்தே போட்டும். ஒடிச்சா படுக்க வைப்பே?"

"உசுரோட இருக்கையில எல்லாவன் காலடியிலயும் கிடந்தாரு. செத்த பொறவாவது மனுசன் மாதிரி போட்டும்."

"உங்கப்பன் குனிஞ்சதுலதாம்லே நீ பேண்டு போட்டு நிக்கே."

யாரும் கை கொடுக்கவில்லை. பெட்டிக்குள் வைக்கும் முன் அவனே நெஞ்சிலும் முட்டியிலும் கைகளை ஊன்றி அமுக்கினான். உள்ளே எங்கோ மளுக்கென்று ஒரு சத்தம். பிறகு சுலபமாக இருந்தது. எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக.

அதே சத்தம் இப்போது பெட்டிக்குள் கேட்டது.

மளுக்.

தலைமாட்டைப் பார்த்தான். உச்சந்தலை அந்தப் பக்கக் கண்ணாடியில் முட்டியிருந்தது. கணுக்கால்வரை இழுத்துவிட்டிருந்த வேட்டி முட்டியில் நின்றது. துணி சுருங்கியிருக்கும். ஈரத்தில் சுருங்கும். மட்டமான துணி.

மளுக். மளுக்.

கரும்பை ஒவ்வொரு கணுவாக முறிப்பதுபோல. அவசரமில்லாமல். ஒவ்வொரு முறை குனிந்தபோதும் உள்ளே மடித்து வைத்த உயரம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா..."

ஒரு லாரி அந்தக் குரலை மிதித்துக்கொண்டு போனது.

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி அறுந்தது. கண்ணாடி விரிசல் விட்டுப் பிளந்தது. மோட்டார் நின்றது. குளிர் தரையில் வழிந்தது. வெளிறிய நீண்ட பாதம் ஒன்று பெட்டியைவிட்டு வெளியே வந்து, வாசலுக்குக் குறுக்கே ஊன்றியது.

அவன் பின்வாங்கினான். பீரோ. சுவர். நடுவே ஓர் இடுக்கு. ஒடுங்கினான். குத்தவைத்தான். முட்டிகளுக்குள் முகத்தைப் புதைத்தான்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். சித்தப்பாவின் குரல்.

"ஏலே ராஜபாண்டி! ஒங்க மொதலாளி வந்துட்டாருலே. எந்திச்சு வா!"

எழ முடியவில்லை.

தலையைத் தூக்கினான். எதிரே இரண்டு முழங்கால்கள். பீரோவின் உயரத்தில். அதற்கு மேலே வேட்டி. அதற்கும் மேலே, கூரை முட்டும்வரை, அப்பா.

அதற்குமேல் இடமில்லை. கழுத்து வளைந்தது. பிறகு தோள். பிறகு முதுகு. தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டு அவிழ்ந்து தொங்க, மின்விசிறியைத் தாண்டி, அந்த முகம் மூலையில் கிடந்தவனை நோக்கி மெல்ல இறங்கி வந்தது.

மிகவும் பணிவாக.