தொண்ணூற்றொரு பாகை திருந்தியவன்

கொம்பையா தன் பெண்டாட்டி அஞ்சுகத்துக்குத் தரவேண்டிய கடன் மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய். கைமாற்றாக வாங்கியது இல்லை. அவள் தாடை எலும்பில் வைத்த தகட்டின் விலை, போன நான்கு பல்லைக் கட்டும் செலவு, உப்பளத்துக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்த மாதங்களின் கூலி, எல்லாம் கூட்டி நீதிமன்றம் போட்ட தொகை. கூடவே நாலு வருஷம் சிறை என்றும் தீர்ப்பு.

சிறைக்குத்தான் அவன் போகவில்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவர்களை உள்ளே போட்டுப் பயனில்லை, திருந்தும் ஊக்கம் இல்லாததுதான் அவர்கள் நோய் என்று படித்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்தாற்போல, ஊக்க இல்லம் என்று ஒன்றைக் கட்டினார்கள். காலையில் சுண்டல், மத்தியானம் மீன்குழம்பு, சாயங்காலம் கேரம் பலகை. ஆயுசு முழுக்க உப்புச் சுமந்தவனுக்குக் கிடைக்காத சௌகரியம், பெண்டாட்டியின் தாடையை உடைத்தவனுக்குக் கிடைத்தது.

அங்கே ஒவ்வொருவன் காதுக்குப் பின்னாலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திருந்துமானி ஒட்டியிருக்கும். ‘நான் இனி இப்படி இருக்கக் கூடாது’ என்று ஒருவன் நிஜமாக நினைக்கும்போது மூளையில் இரண்டு இடங்கள் சேர்ந்தாற்போல் சூடேறுமாம். அந்தச் சூட்டை மானி பாகைக் கணக்கில் அளக்கும். கூடத்துச் சுவரில் ஆளாளுக்கு ஒரு எண் நாள் முழுதும் எரிந்துகொண்டிருக்கும். கணக்கில் ஏறுவது காலை ஏழு மணி எண் மட்டும். ஒரு பாகைக்கு இருநூறு ரூபாய் கடனில் கழியும். கடன் முழுக்கக் கழிந்துவிட்டால் அவன் திருந்தியவன். சான்றிதழ், மாலை, வீடு வரைக்கும் வண்டி.

“கழிச்ச ரூவாய எனக்கு யாரு சார் தருவா?” என்று முதல் கூட்டத்திலேயே அஞ்சுகம் கேட்டாள்.

ஊக்குநர் கீர்த்திவாசன் சென்னையிலிருந்து வந்தவர். எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவார். “யாரும் தரமாட்டாங்கம்மா. அது நீங்க அவருக்குக் குடுக்கிற ஊக்கம். பணத்தைவிட மனுஷன் திரும்பக் கிடைக்கிறது பெருசு இல்லையா?”

“நான் மனுஷனக் கேக்கலியே சார். பல்லத்தான கேட்டேன்.”

உழைத்துக் கட்டவும் வழி இருந்தது. இல்லத்தில் வலைப் பட்டறை உண்டு. பின்னுகிற கூலி நேரே பெண்டாட்டி கைக்குப் போகும். கொம்பையா முதல் மாதம் மட்டும் பின்னினான். வந்த ரூபாயை அஞ்சுகம் பல் வைத்தியரிடம் முன்பணமாகக் கட்டிவிட்டு மிச்சத்துக்குக் காத்திருந்தாள். அதற்குப் பிறகு அவனுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கேரம் ஆடும்போது அந்த இடுப்பு வலிக்காது.

மானியை ஏமாற்ற முடியாது என்பதுதான் அதைச் செய்தவர்களின் பெருமை. கொம்பையாவின் கேரம் கூட்டாளி தஸ்நேவிஸ், செத்துப்போன தன் ஆத்தாளை நினைத்து அழுதான், மூன்று பாகை. கொம்பையா கண்ணில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டான், ஒன்று. எல்லாருமாகக் கைகோத்து ஊக்கப் பாட்டுப் பாடினார்கள், நாலைத் தாண்டவில்லை. இப்படியே போனால் வருஷக்கணக்கில் சுண்டல் தின்ன வேண்டியதுதான்.

வழி காட்டியவன் தஸ்நேவிஸ். கண்டுபிடித்தான் என்று சொன்னால் அதிகம், தடுக்கி விழுந்தான். சனிக்கிழமை மத்தியானம் முதல் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு வீட்டு ஒத்திகை என்று பெயர். தஸ்நேவிஸ் ஒத்திகைக்குப் போன வழியில் குடித்தான். குழம்புச் சட்டியை எடுத்துப் பெண்டாட்டி லூர்தம்மா முகத்தில் எறிந்தான். விடிந்து போதை இறங்கியதும் அவளுடைய கிழிந்த புருவத்தைப் பார்த்தான். காலில் விழுந்து, இனி உன்னைத் தொட்டால் என் கை அழுகட்டும் என்று கதறினான். சொன்னதை அப்போது அவன் நிஜமாகவே நினைத்தான். ஏழு மணிக்கு மானி தொண்ணூறு காட்டியது. ஒரே காலையில் பதினெட்டாயிரம் ரூபாய் காணாமல் போனது.

திங்கட்கிழமை கீர்த்திவாசன் எல்லாரையும் கூட்டிவைத்துக் கை தட்டினார். “சறுக்கல் சிகிச்சையோட ஒரு பகுதிதான். அதுக்கப்புறம் வர்ற எண்தான் நமக்கு முக்கியம்.” தஸ்நேவிஸுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் பரிசு.

அன்று சாயங்காலம் கேரம் பலகையைச் சுற்றிப் பேச்சு நடந்தது.

“ஏல, பொய்யா அழுதா ஏறாது. நெசமா அழணும்” என்றான் தஸ்நேவிஸ்.

“நெசமா அழுகதுக்கு என்னல செய்ய?” என்றான் கொம்பையா.

“நெசமா அடிக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை.

மானியின் மேல் குற்றமில்லை. அடித்த மறுநாள் காலையில் இந்த ஆட்களின் மனசு உருகத்தான் செய்யும். அந்த உருக்கம் சாயங்காலம் கடை திறந்திருக்கும்போது எங்கே போகிறது என்பதை அளக்க யாரும் பணம் ஒதுக்கவில்லை. கை ஓங்குவதை அளக்கும் கருவி உண்டா என்று கேட்டால், அது வேறு துறை என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை கொம்பையா வீட்டுக்கு வந்தான். அஞ்சுகம் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். உப்பளத்தில் உப்புவாரி என்ற இயந்திரம் பாத்தியை வழித்துக்கொண்டு போகும்; அதன் கைக்கு எட்டாத மூலைகளைப் பின்னாலேயே போய் வழிப்பது பெண்களின் வேலை. கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்துகொண்டிருந்தது. கொம்பையா பவ்யமாக உட்கார்ந்தான்.

“அஞ்சுகம், ஒரு விசயம் பேசணும். கோவப்படக் கூடாது.”

“சொல்லு.” அவனை நீங்க என்று கூப்பிடுவது தாடை உடைந்த அன்றோடு நின்றுபோயிருந்தது.

“லேசா ஒண்ணு அடிச்சிக்கிடுதேன். மொகத்துல வேண்டாம், முதுகுல. நீயும் வேலைக்குப் போணும்லா. வாரத்துக்கு ஒண்ணு. கடன் மளமளன்னு எறங்கிரும். பொறவு நான் ஒரேயடியாத் திருந்திருவேன்.”

“அடிக்கதுக்கு முன்னால கேக்க அளவுக்கு மருவாதி படிச்சிருக்க.”

“பாத்தியா? எல்லாம் ஊக்க இல்லத்துல சொல்லித் தந்தது” என்றான் அவன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

“கிட்ட வந்தேன்னா அருவாமனைதான் பேசும். போ அங்கிட்டு.”

போனான்; கடைக்குத்தான் போனான். குடித்துவிட்டு வந்தவனுக்கு ‘லேசா’ என்ற சொல்லும் மறந்துபோயிற்று, ‘முதுகு’ என்ற சொல்லும் மறந்துபோயிற்று. அருவாமனை எட்டுகிற தூரத்தில் இல்லை. அஞ்சுகத்தின் விலாவில் இரண்டு எலும்பு நொறுங்கியது.

காலையில் அவள் மூச்சு இழுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொம்பையா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். “நான் மிருகம்டி. என்னை வெட்டிப் போட்டுரு தாயி.” நிஜமான கண்ணீர்; அவள் கால் வெடிப்பில் விழுந்து எரிந்தது. ஏழு மணி அடித்தது. அழுதுகொண்டே கைப்பேசியை எடுத்து, அதில் வரும் மானி எண்ணைப் பார்த்தான்.

“ஏளா, தொண்ணூத்தொண்ணு! தஸ்நேவிஸ விட ஒண்ணு கூட!”

அழுகை அந்த இடத்தில் நின்றது. எண் மளமளவென்று இறங்க ஆரம்பித்தது. அதனால் என்ன, ஏழு மணி கடந்துவிட்டதே.

திங்கட்கிழமை அஞ்சுகம் விலாவில் கட்டோடு ஊக்க இல்லத்துக்குப் போனாள். துணைக்கு லூர்தம்மா, புருவத்தில் தையலோடு. கீர்த்திவாசன் எழுந்து நின்று வரவேற்றார்.

“ஒத்திகைய நிறுத்துங்க சார்” என்றாள் அஞ்சுகம்.

“நிறுத்தலாம்மா. ஆனா நீங்க ஒத்துழைக்காதவங்கன்னு பதிவாகும். உங்களுக்கு வரவேண்டிய தொகையில பாதியைக் கழிச்சிடுவாங்க.”

“நிறுத்தாட்டா?”

“அவர் தொண்ணூத்தொண்ணும்மா! இதே வேகத்துல போனா இன்னும் இருபது ஒத்திகைக்குள்ள வீட்டுக்கு வந்துடுவார்.”

இருபது. அஞ்சுகம் தன் விலாவைப் பிடித்துக்கொண்டாள். லூர்தம்மா மெல்ல, “இருவது வரைக்கும் நாம இருப்பமா தாயி?” என்றாள்.

அஞ்சுகத்தின் முகம் மாறியதைப் பார்த்துக் கீர்த்திவாசன் குரலை இன்னும் இனிப்பாக்கினார். “கோபத்துல எதுவும் செஞ்சிடாதீங்க. வேற ஊர் இல்லத்துல ஒரு அம்மா, எனக்குப் பணமே வேண்டாம்னு மொத்தக் கடனையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. பாவம் அந்த மனுஷன். கடன் இல்லைன்னா கழிக்க ஒண்ணுமில்ல. கழிக்க ஒண்ணுமில்லைன்னா ஊக்கம் இல்ல. ஊக்கம் இல்லாதவரை இங்க வெச்சுக்க விதி இல்லையே. பழைய தீர்ப்புக்கே போயிட்டாரு.”

“பழைய தீர்ப்புன்னா?”

“ஜெயில்தாம்மா. மிச்சம் மீதி இல்லாம முழுக் காலமும்.” அவள் இரக்கப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

 அஞ்சுகத்தின் நாக்கு பல் இல்லாத இடத்தைத் தடவியது. பணம் வந்தால் அந்த இடத்தில் பல் இருக்கும். ஆள் வந்தால் மிச்சப் பல்லும் இருக்காது. பல் வைத்தியரிடம் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

“எங்க சார் தொடணும்?”

“எதுக்கும்மா?”

“தள்ளுபடிக்கு.”

“அம்மா, யோசிங்க. இன்னும் மூணரை லட்சத்துக்குக் கிட்ட வரும்...”

“அது என் ரூவாதான? நீங்க எடுத்து வாரி எறச்சபோது என்னைக் கேட்டீயளா? இப்ப நான் எறைக்கேன்.”

மேசைமேல் இருந்த ரேகைப் பலகையில் பெருவிரலை வைத்தாள். கொம்பையாவின் பெயருக்கு நேரே கடன் பூஜ்யம் ஆனது. பழைய தீர்ப்பு தானாகவே உயிர்பெற்றது. யாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் போலீஸ் வண்டி வந்து நின்றது.

கேரம் ஆடிக்கொண்டிருந்தவனைக் கையில் ஸ்ட்ரைக்கரோடு கூட்டிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கொம்பையா தரையில் விழுந்தான்.

“அஞ்சுகம்! சத்தியமாத் திருந்திருதேன்! வலை பின்னுதேன், ராப்பகலாப் பின்னுதேன், பல்லு கட்டித் தாரேன்!”

கூடத்துச் சுவரில் அவன் எண் ஏறியது. அறுபது. எண்பது. தொண்ணூற்றொன்றைத் தாண்டியது. நூறில் போய் நின்றது. இல்லம் திறந்த நாள் முதல் யாரும் பார்த்திராத எண். கீர்த்திவாசன் எல்லாவற்றையும் மறந்து, “நூறு! நூறு!” என்று போலீஸ்காரர் கையைப் பிடித்து உலுக்கினார். “இவ்வளவு ஊக்கமானவரைக் கொண்டுபோகக் கூடாது சார்!”

“நூறோ எரநூறோ, வண்டில ஏறச் சொல்லுங்க” என்றார் போலீஸ்காரர்.

எண்ணுக்குக் கீழே ஒரு வரி எரிந்தது: கழிக்கக் கடன் இல்லை.

வண்டி உப்பளச் சாலையில் திரும்பும்போது எண் நாற்பதுக்கு இறங்கியிருந்தது. ஆனால் கூடத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. லூர்தம்மா பெருவிரலைத் துடைத்துக்கொண்டு மேசையை நோக்கி நடந்ததைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அஞ்சுகம் உப்பளத்துப் பெண்களுக்குக் கைப்பேசியில் சொல்லி முடித்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு இல்லத்து வாசலில் வரிசை நின்றது; கையில் கட்டுப்போட்டவளும் உண்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவளும் உண்டு.

உள்ளே சுவர் முழுக்க எண்கள் ஏறின. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. பொய்யில்லை, ஒருவன் பாக்கியில்லாமல் நிஜமாகத் திருந்த ஆசைப்பட்டான். தஸ்நேவிஸ் வலைப் பட்டறைக்கு ஓடிப்போய் நூலைத் தேடினான். இல்லம் கட்டியதன் பலன் அன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது.

ஆனால் எண் கணக்கில் ஏறுவது காலை ஏழு மணிக்கு. தள்ளுபடி மேசை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் திறந்திருந்தது.