யதுசன் சேரின் பறக்கும் காசு

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் சிறுவர் சந்தை என்றால் ஊரே திரண்டு வரும். பிள்ளைகள்தான் வியாபாரிகள். வீட்டுத் தோட்டத்தில் பறித்ததையும் வீட்டில் செய்ததையும் கொண்டுவந்து கூவிக் கூவி விற்பார்கள்.

இந்த வருடம் கணினி படிப்பிக்கும் யதுசன் சேர் ஒரு புதுமை செய்தார். தாள் காசுக்குப் பதிலாக மின்காசு! பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை. அதைக் கடையில் இருக்கும் போனுக்குக் காட்டினால் திரையில் காசுகள் தோன்றும். ஒன்றைத் தொட்டால் அது கடைக்காரரிடம் பறந்துவிடும். பிறகு திரும்பி வராது.

"ஆளுக்கு ரெண்டு ஐம்பது போட்டிருக்கிறன். சில்லறைக் கரைச்சலே இல்லை!" என்று சேர் பெருமையாகச் சொன்னார்.

சந்தைக்கு முந்தின நாள் ஒத்திகை. சாமானுக்குப் பதிலாகப் பெயர் எழுதிய கடதாசித் துண்டுகள். ஐந்தாம் வகுப்புத் தனுஷா தன் கீரைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதலாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய தம்பி லக்ஷன் விம்மிக்கொண்டு வந்தான்.

"ஏன்ரா அழுறாய்?"

"இருவது ரூபாவுக்கு ஜம்புப்பழம் கேட்டன், அக்கா. ஐம்பதும் போயிட்டுது. கஜீவன் அண்ணை மிச்சத்துக்கும் ஜம்புதான் தந்தவர். ஐஸ்பழத்துக்கும் ஐம்பது போயிட்டுது. காத்தாடி வாங்கக் காசில்லை. நாளைக்கும் இப்பிடித்தானோ?"

தனுஷாவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ஜம்பு விற்கும் கஜீவனிடம் சண்டைக்குப் போனாள்.

"நான் என்ன செய்யிறது? திருப்பிக் குடுக்க வழியில்லை. எல்லாத்தையும் ஒரு ரூபாவா மாத்தச் சொல்லுவம்!" என்றான் அவன்.

"என்ரை கீரை முப்பது ரூபா. எங்கை, முப்பது தரம் தொடு பாப்பம்."

கஜீவன் மேசையில் விரலால் தட்டி எண்ணத் தொடங்கினான். பதினேழா, பதினெட்டா என்று குழம்பி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான். பின்னால் நின்றவர்கள், "கெதியா! கெதியா!" என்று அவசரப்படுத்தினார்கள்.

தனுஷா கொப்பியோடு கடை கடையாகப் போய் விலை கேட்டாள். தேசிக்காய் பத்து, ஜம்பு இருபது, ஐஸ்பழம் முப்பது, காற்றாடி நாற்பது. எழுதி முடித்ததும் சேரிடம் ஓடினாள்.

"சேர், ஒருத்தரும் ஐம்பதுக்குச் சாமான் விக்கேல்லை. எல்லா விலையும் பத்துப் பத்தாத்தான் ஏறுது. ஆளுக்கு நாலு பத்தும் மூண்டு இருவதும் போடுங்கோ. நூறு சரி."

சேர் கொப்பியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அட, விலையைக் கேக்காமலே காசு செய்திட்டன்!"

மறுநாள் லக்ஷன் தன் விரலாலேயே இரண்டு இருபதுகளைத் தொட்டுக் காற்றாடி வாங்கினான். பிறகு ஐஸ்பழம், ஜம்பு. அப்படியும் ஒரு பத்து மிஞ்சியது! காற்றாடியோடு அவன் மைதானத்தைச் சுற்றி ஓடியதைப் பார்க்கத் தனுஷாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அப்போது யதுசன் சேர் வந்தார். "கீரை என்ன விலை, தனுஷா?"

"முப்பது, சேர்."

"இருவத்தைஞ்சுக்குத் தாரும்." சந்தைக்குப் பேர்போன சுன்னாகத்துக்காரர் பேரம் பேசாமல் வாங்குவாரா?

"தரலாம், சேர். ஆனா உங்கடை காசிலை ஐஞ்சு இல்லையே!"

சேர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓர் இருபதையும் ஒரு பத்தையும் தொட்டுவிட்டு, கீரைக்கட்டோடு நடந்தார்.